தில்லிப் பல்கலைக்கழக வளாகச் சொற்கள்: முதலாண்டு மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் ஆனர்ஸ் சேர்ந்திருக்கிறேன். கமலா நகரில் தங்கியிருக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் சொற்களில் பாதி புரிவதில்லை. ஜிஇ, விஏசி, டிஐசி, டியூட், இஆர், டேட் ஷீட், எல்ஜி, ஃபச்சா, பட்டேல் செஸ்ட் என்று அடுக்குகிறார்கள். எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்? ஜிஇ படிவத்தை வரும் வெள்ளிக்குள் நிரப்பச் சொல்கிறார்கள்.

பதில்:

கெடு வெள்ளிக்கிழமை என்பதால் ஜிஇயிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு யோசனை. நான் இந்த ஊர்க் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பாடம் நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை முதல் மாதத்தில் பாடத்தைவிட இந்தச் சுருக்கச் சொற்களே அதிகம் அலைக்கழிக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிய சொல் ஒன்று காதில் விழுந்ததும், இதில் மதிப்பெண் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள். மற்றவை பழகப் பழகத் தானே வந்துவிடும்.

ஜிஇ என்பது ஜெனரிக் எலெக்டிவ். உங்கள் துறைக்கு வெளியே இருந்து நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய பாடம். அரசியல் அறிவியல் மாணவியான நீங்கள் வரலாறோ பொருளாதாரமோ கணிதமோ எடுக்கலாம். உங்கள் சொந்தத் துறை நடத்தும் ஜிஇயை எடுக்க முடியாது. 2022-இல் நடைமுறைக்கு வந்த இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி முதல் பருவத்துக்கு 22 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் அலகு. அதில் டிஎஸ்சி எனப்படும் உங்கள் முதன்மைத் தாள்கள் மூன்று, தலா 4 கிரெடிட், ஆக 12. ஜிஇ ஒன்று, அதற்கு 4. மிச்சமுள்ள 6 கிரெடிட்டை ஏஇசி, எஸ்இசி, விஏசி ஆகிய மூன்றும் தலா 2 வீதம் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏஇசி மொழியும் சுற்றுச்சூழல் கல்வியும் சார்ந்தது. எஸ்இசி திறன் பயிற்சி. விஏசி விழுமியக் கல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்இ என்று ஒன்றும் காதில் விழும். அது உங்கள் துறைக்குள்ளேயே உள்ள விருப்பப் பாடம், பின்னால் வரும். இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஜிஇயை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஎஸ்சி தாளுக்கு நிகரான கிரெடிட் அதற்கும் உண்டு. இருந்தும் பெரும்பாலான மாணவர்கள் அதை இரண்டாம்பட்சமாக நினைத்து, தோழி எடுத்ததையே தாமும் எடுத்துவிடுகிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் எல்லா ஜிஇயும் கிடையாது, இடங்களும் அளவானவை. முதல் நாளே படிவத்தைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது போன்ற முன் தகுதி சில தாள்களுக்கு இருக்கும். அந்த வரியையும் விடாமல் படியுங்கள். ஏஇசி படிவத்தில் மொழியைக் கேட்பார்கள். பள்ளியில் இந்தி படிக்காத பிள்ளைகள் பதற்றத்தில் எதையோ குறித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் உட்படப் பிற இந்திய மொழிகள் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் உண்டு. உங்கள் கல்லூரியில் எவை நடத்தப்படுகின்றன என்று அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

அடுத்து டியூட். டியூட்டோரியல் என்பதன் சுருக்கம் இது. நம் ஊர் டியூஷனோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வகுப்பைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசிரியர் உட்கார்ந்து பேசுவார். கட்டாயமில்லாத கூடுதல் வகுப்பு என்று எண்ணி அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். இங்கே 1 கிரெடிட்டுக்கு 40 மதிப்பெண். டியூட்டோரியல் உள்ள 4 கிரெடிட் தாளுக்கு மொத்தம் 160. பருவ இறுதித் தேர்வுக்கு 90; ஐஏ எனப்படும் அக மதிப்பீட்டுக்கு 30; சிஏ எனப்படும் தொடர் மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-உம் டியூட் அறையில்தான் கிடைக்கிறது. அதாவது 160-இல் 70 மதிப்பெண், தேர்வு மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 25-75 என்ற கணக்கில் படித்த அக்காவோ அண்ணனோ, கடைசி மாதம் படித்தால் போதும் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த அறிவுரை இங்கே பலிக்காது. வருகைப் பதிவு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குறைந்தால் 'ஷார்ட் அட்டெண்டன்ஸ்' பட்டியலில் பெயர் வரும், அதையும் தாண்டினால் 'டீட்டெய்ன்' செய்துவிடுவார்கள், அதாவது தேர்வு எழுத விடமாட்டார்கள்.

தேர்வுச் சொற்களில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான், வேறு பெயரில் உலவுகின்றன. நம் தேர்வு அட்டவணை இங்கே டேட் ஷீட். நம் ஹால் டிக்கெட் இங்கே அட்மிட் கார்டு. நம் ஊரில் அரியர் என்பதைத் தில்லிக்காரர்கள் 'பேக்' என்பார்கள். மும்பையில் படிக்கும் தோழி அதையே கேடி என்பாள். பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் அது இஆர் என்று அச்சாகும். எசென்ஷியல் ரிப்பீட், அந்தத் தாளை மறுபடி எழுதியே ஆக வேண்டும் என்று பொருள். முதல் பருவத் தாளில் இஆர் வந்தால், அடுத்த ஒற்றைப்படைப் பருவத் தேர்வின்போதுதான் எழுத முடியும். அதற்குத் தனியாகத் தேர்வுப் படிவம் நிரப்ப வேண்டும். தேர்ச்சி பெறாதது ஒரு துயரம் என்றால், படிவத் தேதியைத் தவறவிட்டு இன்னும் ஓராண்டு காத்திருப்பது அதைவிடப் பெரிய துயரம். தாளில் தோற்ற மாணவர்களைவிடப் படிவத்தை மறந்த மாணவர்கள்தான் என் அறைக்கு அதிகம் அழுதுகொண்டு வருகிறார்கள்.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே குழப்பம் நிறைய. உங்களுக்குக் கல்லூரி ரோல் நம்பர் ஒன்று, தேர்வு ரோல் நம்பர் ஒன்று, என்ரோல்மென்ட் நம்பர் ஒன்று, சேர்க்கையின்போது கிடைத்த விண்ணப்ப எண் ஒன்று. வருகைப் பதிவேட்டில் முதலாவது. விடைத்தாளில் இரண்டாவது. பட்டம், இடமாற்றம் போன்ற பல்கலைக்கழகக் காரியங்களுக்கு மூன்றாவது. வெறுமனே 'ரோல் நம்பர்' என்று கேட்டால், எந்த ரோல் நம்பர் என்று திருப்பிக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிடுங்கள்.

டிஐசி என்பவர் டீச்சர்-இன்-சார்ஜ். நம் ஊரில் எச்ஓடி, துறைத் தலைவர் என்போமே, கல்லூரி அளவில் அவர் இடத்தில் இருப்பவர். ஆனால் இங்கே அது நிரந்தரப் பதவி இல்லை. துறை ஆசிரியர்கள் முறை வைத்து மாறி மாறி ஏற்கிறார்கள். அதனால் சென்ற ஆண்டு சீனியர் சொன்ன பெயரை நம்பிப் போகாதீர்கள். டியூட் குழு மாற்றம், ஐஏ மதிப்பெண்ணில் பிழை, மருத்துவ விடுப்பு என எதுவானாலும் டிஐசி கையெழுத்துப் போட்டு 'ஃபார்வர்டு' செய்த பிறகுதான் அலுவலகம் அந்தத் தாளைத் தொடும். அலுவலகத்தில் 'டீலிங் அசிஸ்டென்ட்' யார் என்று கேளுங்கள், அவர்தான் உங்கள் கோப்பைக் கையாளும் எழுத்தர். அவரைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். 'பொனஃபைடு' என்றால் நீங்கள் இந்தக் கல்லூரி மாணவிதான் என்ற சான்றிதழ். பஸ் பாஸ், வங்கிக் கடன், கல்வி உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவது என் மனத்துக்கு நெருக்கமான சொல்: 'ரீடிங்'. வகுப்பில் ஆசிரியர் 'அடுத்த வாரத்துக்கு இந்த ரீடிங்கைப் படித்து வாருங்கள்' என்பார். பாடப்புத்தகம் எது என்று நீங்கள் தேடுவீர்கள். அப்படி ஒரே புத்தகம் இருக்காது. ஒரு நூலின் மூன்றாம் அத்தியாயம், இன்னொரு நூலின் முன்னுரை, ஒரு ஆய்விதழ்க் கட்டுரை, இப்படித் துண்டு துண்டாகப் பாடத்திட்டத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தத் துண்டுகளே ரீடிங்ஸ். அவற்றை ஒரு கட்டாக நகலெடுத்து முதுகில் சுருள் கம்பி கோத்துத் தருவது கோர்ஸ் பேக். நகலெடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்போம், இவர்கள் 'ஃபோட்டோஸ்டாட்' என்பார்கள். 'பட்டேல் செஸ்டுக்குப் போகிறேன்' என்று தோழி சொன்னால் நெஞ்சில் கோளாறு என்று பயந்துவிடாதீர்கள். வல்லபபாய் பட்டேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனத்தை ஒட்டிய கடைவரிசையில் நகலெடுக்கவும் அச்சிடவும் பைண்டிங் செய்யவும் போகிறாள்.

இந்தக் கோர்ஸ் பேக்குக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும், டி ஸ்கூல் என்று எல்லோரும் அழைக்கும் தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012-இல் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டு வாதாடினார்கள். கற்பித்தலுக்காக இப்படி நகலெடுப்பது காப்புரிமைச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டதே என்று 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மறுபடி விசாரிக்க அனுப்பியது; 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆயிரக்கணக்கில் விலையுள்ள புத்தகங்களின் வேண்டிய அத்தியாயங்கள் உங்கள் கைக்குச் சில நூறு ரூபாயில் வருவது பலர் போராடிக் காத்த உரிமை. எனவே கோர்ஸ் பேக்கை வாங்கினால் படியுங்கள். இணையத்தில் சுற்றும் 'நோட்ஸ்' கோப்புகளும் பிஒய்க்யூ எனப்படும் பழைய வினாத்தாள்களும் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு உதவும். மூலக் கட்டுரையைப் படித்து வந்த மாணவியும் நோட்ஸைப் படித்து வந்தவளும் எழுதும் விடைகளை முதல் பத்தியிலேயே பிரித்தறிந்துவிடலாம். ஆங்கிலம் கடினமாக இருக்கிறதே என்று பின்வாங்காதீர்கள். முதல் கட்டுரை முழு வாரத்தையும் விழுங்கும்; பருவ முடிவில் ஓர் இரவில் ஒன்றைப் படித்துவிடுவீர்கள்.

தங்குமிடத்துக்கு வருவோம். வீட்டுக்குத் தொலைபேசியில் 'பிஜியில் இருக்கிறேன்' என்று சொன்னால் அப்பா முதுகலையா என்று திகைப்பார். இங்கே பிஜி என்பது உணவோடு கூடிய தனியார் தங்கும் விடுதி. 'டபுள் ஷேரிங்' என்றால் அறையில் இருவர். இவையெல்லாம் எளிது. 'லாக்-இன்' என்ற ஒரு சொல்லை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் ஆறு மாத லாக்-இன் என்று இருந்தால், இரண்டாவது மாதமே பிடிக்காமல் வெளியேறினாலும் மிச்ச மாத வாடகையைக் கேட்பார்கள், அல்லது 'செக்யூரிட்டி' எனப்படும் முன்பணத்தைத் திருப்பித் தர மறுப்பார்கள். மின்கட்டணம் வாடகையில் அடங்குமா, தனி மீட்டரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏப்ரல், மே மாதக் குளிர்சாதனக் கட்டணம் வாடகையையே எட்டிப் பிடிக்கும்.

எல்ஜி என்று செய்தித்தாளில் வந்தால் துணைநிலை ஆளுநர். விடுதிப் படிவத்தில் வந்தால் லோக்கல் கார்டியன், உள்ளூர்ப் பாதுகாவலர். கல்லூரி விடுதிகளும் பல பிஜிக்களும் தில்லியில் வசிக்கும் ஒருவருடைய பெயர், முகவரி, கையெழுத்தைக் கேட்கும். உறவினர் யாரும் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். மயூர் விகார், ஆர்.கே.புரம், கரோல் பாக் பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அப்பாவின் அலுவலக நண்பர், ஊர்க்காரர் என்று யாராவது ஒருவர் நிச்சயம் அகப்படுவார். கையெழுத்து வாங்கிய கையோடு மறந்துவிடாமல் மாதத்துக்கு ஒரு முறையாவது அவர்களைப் போய்ப் பாருங்கள். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் ஓடி வரப்போவது அவர்கள்தாம்.

ஃபச்சா என்றால் முதலாண்டு மாணவர். மாணவியை ஃபச்சி என்பார்கள். அதில் இழிவு எதுவும் இல்லை, அடுத்த ஆண்டு நீங்களே அப்படி அழைப்பீர்கள். 'இன்ட்ரோ கொடு' என்று சீனியர்கள் கேட்பதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பெயர், ஊர், பாடம் சொன்னதும் முடிந்தால் அது அறிமுகம். பாடு, ஆடு, இவரிடம் போய் இதைச் சொல் என்று வற்புறுத்தினால் அது ராகிங். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி அது தண்டனைக்குரியது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. தொலைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். சீனியர் மாணவர்களை 'பையா', 'தீதி' என்று அழைக்கலாம். ரிக்‌ஷாக்காரரும் கேன்டீன்காரரும் 'பையா'தான், நம் 'அண்ணா' போல. 'மதராசி' என்ற சொல்லும் உங்கள் மேல் விழும். பெரும்பாலும் அறியாமையால் வருவது. திருச்சி, தமிழ்நாடு என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள், பெரும்பாலோர் திருத்திக்கொள்வார்கள். தெரிந்தும் சீண்டுவதற்காகவே தொடர்ந்தால் பொறுத்துப்போக வேண்டியதில்லை, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சொசைட்டி என்பது மாணவர் மன்றம். நாடகம், விவாதம், இசை, வினாடிவினா என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பருவம் தொடங்கியதும் ஆடிஷன் நடக்கும். நாடக மன்றத்தார் 'நுக்கட்' என்றால் தெருமுனை நாடகம். ஒன்றில் சேருங்கள், மூன்றில் சேர்ந்தால் வருகைப் பதிவு கரைந்துவிடும்.

தேர்தல் காலத்தில் வளாகமே வேறு முகம் காட்டும். டூசு என்பது பல்கலைக்கழக மாணவர் பேரவை. தலைவர் முதல் இணைச் செயலாளர் வரை நான்கு பதவிகளுக்கு ஒரே அணியாக நிற்பவர்களைப் 'பேனல்' என்பார்கள். பேலட் நம்பரை, அதாவது வாக்குச்சீட்டில் தங்களுக்குரிய எண்ணைக் கூவிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். மாணவர் தேர்தல்களுக்கு நெறிமுறை வகுத்த லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய், அச்சடித்த சுவரொட்டி கூடாது. நடப்பதை நீங்களே பார்ப்பீர்கள். 2024-இல் சுவர்களையும் பொது இடங்களையும் நாசப்படுத்தியதற்காகத் தில்லி உயர் நீதிமன்றம் வாக்கு எண்ணிக்கையையே நிறுத்திவைத்தது. செப்டம்பரில் பதிவான வாக்குகள் நவம்பரில்தான் எண்ணப்பட்டன. யாருக்கு வாக்களித்தாலும் அளித்துவிடுங்கள்.

உங்கள் பள்ளித் தோழர் யாராவது ஜேஎன்யு எனப்படும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருந்தால், அங்கே சொற்களே வேறு. ஜிபிஎம் என்றால் மாணவர்களின் பொதுக்குழுக் கூட்டம். பர்ச்சா என்றால் சாப்பிடும் மேசைக்கே வந்து சேரும் அரசியல் துண்டறிக்கை. மெஸ் என்பது உணவுக்கூடம் மட்டுமில்லை, இரவு உணவுக்குப் பின் கருத்தரங்கமும் அங்கேதான். பிஎஸ்ஆர் என்பது அந்த வளாகத்துக்குள் இருக்கும் பார்த்தசாரதி பாறைகள். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த கோபாலசுவாமி அய்யங்காரின் மகனுமான ஜி. பார்த்தசாரதியின் பெயர் அது. விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர்: கங்கா, சபர்மதி, காவேரி. பெரியார் விடுதி என்பதைக் கண்டு ஈரோட்டை நினைக்காதீர்கள், அது கேரளத்தில் ஓடும் ஆறு. போக வேண்டுமென்றால் உங்கள் விஸ்வவித்யாலயா நிலையத்தில் மஞ்சள் தட மெட்ரோவில் ஏறி, ஹௌஸ் காஸில் மெஜந்தா தடத்துக்கு மாறி, முனீர்க்காவில் இறங்குங்கள். அதற்கு முந்தைய நிலையம் ஆர்.கே.புரம், தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கும் பகுதி. தமிழ்ப் புத்தகம் படிக்கத் தோன்றும் நாளில் அங்கே இறங்கிவிடலாம்.